கோப்பை இழுத்துவிட்டால் உண்மையில் எது நகர்கிறது?

டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்பு ஒன்றைச் சுட்டியால் இழுத்து, அதே சி டிரைவில் உள்ள வேறொரு கோப்புறையில் விட்டால் அது முழுவதுமாக அங்கே போய்விடுகிறது. அதையே டி டிரைவில் விட்டால் பழைய இடத்திலும் இருக்கிறது, புதிய இடத்திலும் இருக்கிறது. ஒரே செயலுக்கு ஏன் இரண்டு விளைவுகள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பலரும் இதைக் கணினியின் கோளாறு என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இது, கோப்புகள் வட்டில் பதிவாகும் விதத்திலிருந்தே பிறந்த விதி.

விதி சுருக்கமானது. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே டிரைவில் இருந்தால் இடமாற்றம்; வெவ்வேறு டிரைவுகள் என்றால் நகல். விண்டோஸில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி இழுத்தால் நகலாகும், ஷிப்ட் விசையுடன் இழுத்தால் இடம் மாறும். வலது பொத்தானால் இழுத்தால் என்ன செய்யவேண்டும் என்று கணினி நம்மையே கேட்கும். மேக் கணினிகளிலும் அடிப்படை விதி இதுவே, விசைகள் மட்டும் ஆப்ஷன், கமாண்ட் என்று மாறும். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷிலும் ஒரு நெகிழ்வட்டிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் நகல்தான் கிடைத்தது.

கோப்புறைக்குள் கோப்பு இருப்பதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கோப்புறை என்பது ஒரு பட்டியல் மட்டுமே. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய தனிப் பதிவில்தான் கோப்பின் அளவு, தேதிகள், உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் எழுதப்பட்டிருக்கிறது என்ற விவரம் ஆகியவை இருக்கின்றன. யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களின் உலகில் இந்தப் பதிவுக்கு ஐநோடு என்று பெயர். வட்டில் கோப்புகளைப் பதிந்துவைக்க விண்டோஸ் கையாளும் என்டிஎஃப்எஸ் முறைமையில் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பெரிய அட்டவணையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. அதன் அளவு பெரும்பாலும் 1024 பைட்டுகள். சில நூறு பைட்டுகளே உள்ள சிறு குறிப்பை எழுதிச் சேமித்தால், அதன் உள்ளடக்கம் இந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது எனக்கு மிகவும் பிடித்த நுட்பங்களில் ஒன்று.

ஆகவே ஒரே டிரைவுக்குள் கோப்பை இடம் மாற்றும்போது, பழைய கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு வரி நீங்குகிறது, புதிய கோப்புறையின் பட்டியலில் ஒரு வரி சேர்கிறது. உள்ளடக்கத்தின் ஒரு பைட்டைக் கூடக் கணினி தொடுவதில்லை. நிலத்தை விற்றால் நிலம் அசைவதில்லை, பட்டாவில் பெயர் மட்டும் மாறுகிறது, புல எண் அப்படியே இருக்கிறது அல்லவா? அதே போலத்தான் இதுவும். 2 கிலோபைட் கடிதமானாலும் 20 ஜிகாபைட் காணொளியானாலும் வேலை ஒன்றே என்பதால்தான் இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகின்றன. ஒரு லட்சம் படங்கள் அடங்கிய கோப்புறையை இழுத்துவிட்டாலும் மாறுவது அந்தக் கோப்புறைக்குரிய வரி மட்டுமே; உள்ளே இருக்கும் படங்களின் வரிகள் இருந்தபடியே இருக்கும். ஐநோடு எண்ணைக் காட்டும் கட்டளை லினக்ஸில் உண்டு. இடமாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதை இயக்கிப் பார்த்தால் எண் மாறாதிருப்பதை நேரில் காணலாம்.

யூனிக்ஸின் தொடக்கப் பதிப்புகளில் புதிய பெயரைச் சேர்ப்பதும் பழைய பெயரை நீக்குவதும் இரண்டு தனிச் செயல்களாக இருந்தன. நடுவில் இயந்திரம் நின்றால் ஒரே கோப்பு இரண்டு பெயர்களோடு நிற்கும். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு, ரீநேம் என்ற ஒரே அழைப்பில், அதாவது நிரல் இயங்குதளத்திடம் வைக்கும் ஒரே கோரிக்கையில், இரண்டையும் இணைத்தது. இன்றைய முறைமைகள் பலவும், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டே செயலில் இறங்குகின்றன. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், அந்தக் குறிப்பைப் பார்த்து மாற்றத்தை முழுமையாக்கும், அல்லது முழுமையாக விலக்கும்.

இனி டி டிரைவுக்கு வருவோம். நம் கணினிகள் பலவற்றில் சி, டி இரண்டும் ஒரே வன்வட்டின் பிரிவுகள்தாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை தனி, எண் வரிசை தனி. சி டிரைவின் 5000-ஆம் பதிவை டி டிரைவின் பட்டியலில் எழுதினால், அது டி டிரைவின் 5000-ஆம் பதிவாகிய வேறு கோப்பையே குறிக்கும். ஆகவே உள்ளடக்கம் முழுவதையும் படித்து மறுபடி எழுதியே ஆகவேண்டும். டிரைவுகளுக்கிடையே இடமாற்றம் என்று நாம் கேட்டாலும், விண்டோஸ் முதலில் நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிக்கிறது. லினக்ஸில் ரீநேம் அழைப்பு பிழை என்று திரும்பிவிடும். அதைக் கண்ட இடமாற்றக் கட்டளை நகலெடுத்தலுக்கு மாறிக்கொள்ளும். மூலத்தை அழிப்பது தேவைப்படும் இந்த இடத்தில், பயனர் வெளிப்படையாகக் கேட்டாலன்றி அழிக்காமல் விடுவது மிகச் சரியான வடிவமைப்பு என்றே நான் கருதுகிறேன்.

‘கட் செய்து பேஸ்ட் செய்தால் கோப்பு கெட்டுவிடும், காப்பி செய்வதே பாதுகாப்பு’ என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரே டிரைவுக்குள் இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. பென் டிரைவுக்கு மாற்றும்போது மட்டும் அதில் ஓரளவு நியாயம் உண்டு: எழுதி முடிந்ததாகக் கணினி சொன்ன தரவு இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும், அப்போது பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் நகலும் முழுமையாக இராது, மூலமும் அழிந்திருக்கும். கணினி வகுப்புகளில் எந்த விசையை அழுத்தவேண்டும் என்று மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பட்டியலும் பதிவும் வேறு என்பதைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும், இந்த அச்சங்களில் எது உண்மை என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

நகலெடுத்தலும் இப்போது மாறிவருகிறது. 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் முறைமையில், ஒரே டிரைவுக்குள் கோப்பை நகலெடுத்தால் புதிய பதிவு உருவாகும், ஆனால் அது பழைய உள்ளடக்கத்தையே சுட்டும்; ஏதாவது ஒன்றைத் திருத்தும்போதுதான் திருத்திய பகுதி மட்டும் வேறு இடத்தில் எழுதப்படும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் முறைமைகளிலும் இந்த வசதி உண்டு. இடமும் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் வட்டின் அந்தப் பகுதி பழுதானால் மூலமும் நகலும் ஒருசேரக் கெடும் என்பதால், இழக்கக்கூடாத கோப்புகளின் நகலை வேறொரு வட்டில்தான் வைக்கவேண்டும்.