கடல் உப்பில் அயோடின் இருக்கும் என்று யார் சொன்னது?

தூத்துக்குடிப் பக்கம் மகப்பேறு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு உப்பைப் பற்றிப் பேசுவதே தனி வேலை. போன வாரம் மூன்று மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் வீட்டில் என்ன உப்பு என்று கேட்டேன். கூட வந்த மாமியார் முந்திக்கொண்டார்: "பாக்கெட் உப்பெல்லாம் கெமிக்கல் டாக்டர். நாங்க உப்பளத்து உப்புதான். கடல்ல இல்லாத அயோடினா?" இதையே எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 50 முதல் 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் உப்பு 35 கிராம். அயோடின் கொஞ்சம்கூட வீணாகாமல் உப்போடு வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க 10 கிராம் உப்பு சாப்பிட்டாலும் 17 மைக்ரோகிராம்தான் தேறும். உண்மையில் அதுவும் கிடைக்காது. பாத்தியில் உப்பு விளையும்போது அயோடினில் பெரும்பகுதி காற்றிலும், கடைசியில் வடித்துவிடும் கசப்புத் தண்ணீரிலும் போய்விடுகிறது. நமக்குத் தேவையோ ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம்; கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. கடலோரத்தில் குடியிருப்பதால் உடம்பில் அயோடின் ஏறிவிடாது. விலை கொடுத்து வாங்கும் இந்துப்பிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இளஞ்சிவப்பு, இரும்புச் சத்தின் சாயல்.

கெமிக்கல் என்று பயப்படும் பொருள், அயோடினுக்காகப் பாக்கெட் உப்பில் கலக்கும் பொட்டாசியம் அயோடேட். ஒரு டன் உப்புக்கு அது 50 கிராம் போதும். அவ்வளவுதான் விஷயம்.

தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும் என்பது பள்ளிப் பாடம், அதை விட்டுவிடுகிறேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் சொந்தமாகத் தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர்வது அம்மாவின் ஹார்மோனை வைத்துத்தான். அம்மாவின் கழுத்தில் கழலை (தைராய்டு வீக்கம்) தெரியாமலே குழந்தையின் புத்தித்திறன் குறையலாம். பிறந்த பிறகு அதை ஈடுசெய்ய எங்களிடம் மருந்து கிடையாது.

1956-இல் இமயமலை அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் டாக்டர் ராமலிங்கசாமியின் குழு, சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தது. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை கணிசமாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனால் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். நாட்டிலேயே கடைசி இடம். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நாம்!

அளம் பக்கத்தில் இருப்பதே நமக்கு வினையாகிவிட்டது. தூரத்துக்குப் போகும் உப்பு ஆலைக்குப் போய், அயோடின் தெளிக்கப்பட்டு, பாக்கெட்டில் அடைபடுகிறது. நம் ஊர் உப்பில் ஒரு பகுதி அம்பாரத்திலிருந்து சாக்கு, சாக்கிலிருந்து மினி லாரி, அங்கிருந்து தெரு என்று நேராக வந்துவிடுகிறது. பதப்படுத்தவும் கால்நடைக்கும் தொழிற்சாலைக்கும் என்று எழுதி அயோடின் இல்லாத உப்பை விற்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த மூட்டை மளிகைக்கடை வாசலில் பிரிந்ததும் எழுத்தை யார் பார்க்கிறார்கள்? கடைக்காரர்களே, தயவுசெய்து அதைச் சமையலுக்கு அளந்து போடாதீர்கள்.

வீட்டில் கல் உப்புதான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். அயோடின் கலந்த கல் உப்பே பாக்கெட்டில் வருகிறது. ஆனால் அதைக் கழுவாதீர்கள். கல் உப்பில் அயோடின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அலசி ஊற்றும் தண்ணீரோடு போய்விடும். தூசி இருந்தால் கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசலையே முழுக்கச் சமையலுக்கு எடுங்கள். அடுப்புப் பக்கத்தில் திறந்த ஜாடி வேண்டாம். ஊறுகாய் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம், கெடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள், ஆனால் போடுகிற கொஞ்ச உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

இன்னொன்று. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அயோடின் உப்பை நிறுத்த வேண்டியதில்லை. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் சில நாட்கள் நிறுத்தச் சொல்வோம். அதையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், யூடியூப் அல்ல.

எந்த உப்பென்று சந்தேகமாக இருந்தால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஒரு ஸ்பூன் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் போதும். நீலமானால் அயோடின் இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் அன்றைக்கே கடையை மாற்றுங்கள்.