சொல் விளக்கம்: ஃபுளூயன்ட் – மாறுகூற்று

‘பாய்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லை, காலத்தோடு மாறும் அளவைக் குறிக்க நியூட்டன் கையாண்டார். 1963-இல் செயற்கை நுண்ணறிவுத் துறை முன்னோடி ஜான் மெக்கார்த்தி, சூழ்நிலைக்கேற்ப மெய்யாகவோ பொய்யாகவோ மாறும் கூற்றுக்கும், மதிப்பு மாறும் சார்புக்கும் இதையே பெயராக்கினார்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை மண்சரிவால் காலை 6 மணிக்கு மூடப்பட்டது, 11 மணிக்கு மண் அகற்றப்பட்டுத் திறக்கப்பட்டது என்னும் இரண்டு செய்திகளை மட்டும் நிரலுக்குத் தருவதாகக் கொள்வோம். ‘பாதை மூடியிருக்கிறது’ என்பதே இங்கு ஃபுளூயன்ட். மண்சரிவு அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு, மண் அகற்றல் அதை முடித்துவைக்கும் நிகழ்வு. 9 மணிக்குப் பாதை எப்படியிருந்தது என்று கேட்டால், இடையில் அதை முடித்துவைத்த நிகழ்வு எதையும் மெய்ப்பிக்க இயலாததால், மூடியே இருந்தது என்று நிரல் விடை தரும். 8 மணிக்கே திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைப் பின்னர் சேர்த்தால் அதே நிரல் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். பழைய முடிவுகளைக் கைவிடாத மரபுத் தருக்கத்தால் இது இயலாது. மெய்ப்பிக்க இயலாததைப் பொய்யெனக் கொள்ளும் இந்தத் ‘தோல்விவழி மறுப்பு’க்கு 1978-இல் கீத் கிளார்க் தருக்க அடிப்படை வகுத்தார்; அதன்மேல் 1986-இல் கோவால்ஸ்கியும் செர்கட்டும் எழுப்பியதே, நிகழ்வுகளைக் கொண்டு எது எப்போது மெய் என்று கணிக்கும் இந்த ‘நிகழ்வு நுண்கணிதம்’.

அந்த மண்சரிவு குப்பனூர் வழியைப் பாதிக்கவில்லை, ஏரியின் படகுத்துறையைப் பாதிக்கவில்லை என்று மாறாதவற்றையெல்லாம் தனித்தனியே எழுதவேண்டிவருமே என்பதுதான், 1969-இல் மெக்கார்த்தியும் ஹேய்ஸும் எடுத்துக்காட்டிய சட்டகச் சிக்கல். மாற்றும் நிகழ்வு இல்லாதவரை எதுவும் இருந்தபடியே இருக்கும் என்ற ஒரே விதி அந்த முடிவில்லாப் பட்டியலைத் தேவையற்றதாக்குகிறது. இத்துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இவ்விதியே. இயற்பியலிலிருந்து ‘நிலைமம்’ என்ற சொல்லை இதற்குக் கடன்பெறுவதில் தவறில்லை.

ஃபுளூயன்டுக்கோ அத்தகைய கடன் பொருந்தாது. வேர்ப்பொருளைத் தழுவிப் ‘பாய்மம்’ என்றால், நம் பாடநூல்களில் அது நீர்மத்தையும் வளிமத்தையும் சேர்த்துச் சுட்டும் சொல். ‘மாறுநிலை’ என்றால் இயற்பியலின் ‘மாறுநிலை வெப்பநிலை’ என்ற சொல் குறுக்கிடும். ‘மாறி’ என்பதோ நிரலில் வேறொரு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே மெய்–பொய் மாறுவதை ‘மாறுகூற்று’ என்றும், ஏரியின் நீர்மட்டம்போல மதிப்பு மாறுவதை ‘மாறுமதிப்பு’ என்றும் பிரித்து வழங்குவதே தக்கது என்பது என் துணிபு.