முள் குத்தியும் பழுக்காத கால்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து ஓர் அப்பத்தா போன் செய்திருந்தார். ஆறு வயதுப் பேத்திக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் வைத்தியம். ஒரு சுற்று கீமோ மருந்து ஏற்றி முடித்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

“தம்பி, காய்ச்சல் வந்தா மாத்திரை குடுக்காம உடனே தூக்கிட்டு வாங்கன்னு நர்சம்மா சொல்றாக. காய்ச்சலுக்குத்தானே காய்ச்சல் மாத்திரை? இன்னொண்ணு, வீட்டுக்கு வந்த மறுவாரம் புள்ள கால்ல கருவமுள்ளு ஏறிருச்சு. எடுத்துட்டோம். பழுக்கவே இல்ல. நல்லதுதானே?”

கேள்வி இரண்டு, பதில் ஒன்று. அந்தப் பதிலுக்கு முள்ளிலிருந்துதான் போக வேண்டும்.

சீமைக்கருவேலம் மண்டிய நம் பக்கத்தில் முள் ஏறாத கால் உண்டா? இரண்டாம் நாள் சிவந்து, சூடாகி, மூன்றாம் நாள் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் கோக்கும். அந்தச் சீழைக் கிருமியின் கழிவு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அதில் பெரும்பகுதி நம் பக்கத்துச் சிப்பாய்களின் பிணம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் வந்து விழுந்து செத்த களம்.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் எலி மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் இதற்கு முள்ளையே கருவியாக்கினார். வீட்டில் மற்றவர்கள் சர்க்கஸ் பார்க்கப் போய்விட, தனியாக இருந்தவருக்கு ஒரு யோசனை. நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும். அதற்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் நுண்ணோக்கியில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. 1908இல் நோபல் பரிசு. அதைப் பகிர்ந்துகொண்டவர் பால் எர்லிக். நியூட்ரோஃபிலைச் சாயம் போட்டுப் பிரித்துக் காட்டியவரும் அவர், ‘கீமோதெரபி’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர். பிற்காலத்தில் ஒன்று மற்றொன்றைத் துடைத்து எடுக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சீழுக்கு ஏன் அந்தப் பச்சை? எனக்கு இந்த உடம்பில் மிகப் பிடித்த சங்கதி இதுதான். நியூட்ரோஃபிலுக்குள் மையலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. 1941இல் ஸ்வீடனில் அதைப் பிரித்தெடுத்தவர் முதலில் ‘பச்சை பெராக்சிடேஸ்’ என்றே பெயர் வைத்தார். கிருமியை விழுங்கியதும் நியூட்ரோஃபில் ஹைட்ரஜன் பெராக்சைடு செய்யும். இந்த நொதி அதையும் உடம்பிலுள்ள உப்பின் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்கும். அமிலத்தின் பெயர் புதிதாகத் தெரியலாம், சரக்கு பழையதுதான். பஞ்சாயத்து ஆள் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைக்கும்போது கிருமியைக் கொல்வது இதே அமிலம். குளோரின் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறோமே, அந்த வேலையை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள ஓர் அணு, தன் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பையில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. செய்து முடித்ததும் செத்துப்போகிறது. அந்தப் பச்சை, தொழிற்சாலையின் மிச்சம்.

இந்தச் சிப்பாய்க்கு ஆயுள் குறைவு. ரத்தத்தில் ஒரு நாள் தங்கினால் அதிகம். அதனால் வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளுக்குப் பத்தாயிரம் கோடி என்ற கணக்கில் புதிதாகச் செய்து தள்ளுகிறது. இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கும் அணுக்கள் அவை. கீமோ மருந்து எதைக் குறிவைக்கிறது? வேகமாகப் பிரியும் அணுவை. புற்று எது, மஜ்ஜை எது என்று அதற்குப் பெரிதாகப் பேதம் தெரியாது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதே காரணத்தால்தான்.

இங்கேதான் வீட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கீமோ ஏற்றிய மறுநாளே எண்ணிக்கை விழுந்துவிடாது. பாதி செய்து முடித்த சரக்கு மஜ்ஜையில் சில நாளைக்குக் கையிருப்பு இருக்கும். விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் களஞ்சியத்து நெல் கொஞ்ச காலம் தாங்குமே, அப்படி. பிள்ளை வீட்டுக்கு வந்து வளவில் ஓடி விளையாடும், வெள்ளைப் பணியாரம் கேட்டுச் சாப்பிடும். பல மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை களஞ்சியத்தில் தரை தெரியும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு 1,800, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 360. ஐந்நூறுக்குக் கீழே போனால் பேராபத்து என்று பொருள்.

அப்பத்தாவின் பேத்திக்கு முள் ஏறியது மறுவாரம். பழுக்கவில்லை, ஏனென்றால் பழுக்க வைக்க ஆளில்லை. சீழ் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. முள்ளோடு கிருமி போயிருந்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. முள்ளே ஏற வேண்டுமென்பதுகூட இல்லை. இந்தக் குழந்தைகளைத் தாக்கும் கிருமி பெரும்பாலும் அவர்கள் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். கீமோவால் குடலின் உள்தோல் பிய்ந்திருக்கும்போது அது ரத்தத்துக்குள் நழுவுகிறது. யார் வந்து தொட்டது, யார் கண் பட்டது என்று சண்டை போட்டுப் பயனில்லை. சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, தடுப்பார் இல்லாவிட்டால் விடிகாலை நாலு மணிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல்.

அப்படியானால் காய்ச்சல் மட்டும் எப்படி வருகிறது? சிப்பாய்கள் போனாலும் காவல்காரர்கள் மிச்சம் இருக்கிறார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களுக்கு ஆயுள் நீளம், கீமோவுக்கு அவ்வளவாக மசியாதவை. அவை கிருமியைக் கண்டதும் ரத்தத்தில் தகவல் அனுப்பும். மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கும், உடம்பு தன் வெப்ப அளவை ஏற்றி வைத்துக்கொள்ளும். பாராசிட்டமால் செய்வது அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பது. கிருமியை அது தொடுவதே இல்லை. வேறு எல்லா அடையாளமும் அடங்கிப்போன உடம்பில் மிச்சமிருக்கும் ஒரே மணியின் நாக்கைக் கழற்றுகிற வேலை அது.

அதனால்தான் நர்சம்மா அப்படிச் சொன்னாக. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். தொட்டால் புறப்பட வேண்டும். மாத்திரை டாக்டர் சொன்னால்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரம் ஆகிறதே என்பீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வையுங்கள்: ராத்திரி நேரத்தில் முதல் ஊசியைப் பக்கத்து ஊரில் போட்டுக்கொண்டு வரலாமா, எங்கே, அதற்கு ஒரு கடிதம் தருவீர்களா? கார்க்காரர் நம்பர், ஒரு பை, ரிப்போர்ட் கோப்பு மூன்றும் முகப்பிலேயே இருக்கட்டும். நடுங்கிக்கொண்டோ துவண்டோ கிடந்தால் 100.4க்குக் காத்திருக்க வேண்டாம்.

உள்ளங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது தெர்மாமீட்டர் ஆகாது. அடுப்படியிலிருந்து வந்த கைக்கு எல்லா நெற்றியும் குளிர்ச்சிதான். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். ஆசனவாய்ப் பக்கம் போகவே கூடாது, அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வாசல். மலச்சிக்கல் என்று எனிமா கொடுப்பதும் அதே காரணத்தால் ஆகாது.

மற்றவை உங்களுக்கே தெரிந்தவை. சோப்பு போட்டுக் கை கழுவுதல், கொதித்த தண்ணீர், ஆவி பறக்க இடியாப்பம் சரி, நேற்றுத் தண்ணீர் ஊற்றிய சோறு வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தீவிர வைத்தியம் முடிந்த பிறகு வரும் பராமரிப்புக் கட்டத்தில் மாதக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். மெர்காப்டோப்யூரின் வழக்கமாகத் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். இரண்டாவதைத் தெரியாமல் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் சொந்தத்தில் ஒரு பையனை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது கையில் கொடுத்த நாலு பக்கத்தில் ஒரு வரி தமிழ் கிடையாது. அவன் அம்மா எட்டாவது வரை படித்தவர். மாத்திரை அட்டையில் ‘வெள்ளி மட்டும்’ என்று நானே பேனாவால் எழுதிக்கொடுத்தேன்.

இதை நினைத்தால் எரிச்சல் வரும். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர் அழகப்பச் செட்டியார். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு மருத்துவமனையை எழுப்பினார். அந்த மண்ணில், பெற்றோரை உட்கார வைத்து அரை நாள் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு நர்சுக்குச் சம்பளம் தர ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். புது மருந்துக்குக் கொட்டும் பணத்தில் சிறு துளி போதும்.

இன்னொன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு நானும் பால்குடம் பார்க்கப் போகிறவன்தான். ஆனால் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால், இந்தப் பிள்ளைக்கு வேப்பிலையோடு நிறுத்த முடியாது. கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பலன் முதல் சில நாட்களில்தான் அதிகம்.

இத்தனையும் கேட்ட அப்பத்தா, “அப்ப பழுக்காதது கெட்டதுங்கிறீக” என்றார். முள் ஏறியதை ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார், கூப்பிட்டுப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸாப்பில் படங்கள் அனுப்பினார். நாள்காட்டித் தாள்கள், கிழிக்காமல் வைத்தவை. ராகுகாலத்துக்கும் சந்திராஷ்டமத்துக்கும் கீழே பால்பேனாவில்: ‘கா 98.2, மா 98.6’. கீமோ ஏற்றிய நாளுக்குச் சுழி, அங்கிருந்து 1, 2, 3 என்று எண். பத்தாம் எண் தாளில் எழுத்து கோணியிருந்தது: ‘ராத்திரி 10.40. 100.6. கெளம்பிட்டோம்.’ அடுத்த எட்டுத் தாள்கள் வெறுமை. ஒன்பதாவதில், ‘வீடு. மா 98.4’.