துண்டுக்கடியில் ஒரு பேட்டரிக் கணக்கு

சென்னிமலையில் தறி ஓட்டும் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு ராத்திரி போன் செய்தார். "மாப்ள, பேட்டரி உள்ளேயேதான் கெடக்குது. இது இல்லைங்குதே?"

பாவுக் கணக்கும் கூலிக் கணக்கும் போட நான் கொடுத்த லேப்டாப் அது. கோயம்புத்தூரில் பழசாக வாங்கி, டெபியன் 12 என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தேன். மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தால், சில நாள் பேட்டரிப் படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு விழுந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் 72 சதவீதம் என்று நிற்கும். "செல்லு போச்சா?" என்று கேட்டார். செத்த செல் ரீஸ்டார்ட்டுக்கெல்லாம் உயிர்த்து வராது. பேட்டரிக்கும் திரைக்கும் நடுவில் யாரோ வாயை மூடிக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அந்த 72-ஐ லினக்ஸ் அளப்பதில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அளப்பது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னச் சில்லு (சிப்). லித்தியம் செல் முழுதாக ஏறினால் பொதுவாக 4.2 வோல்ட் காட்டும். இறங்க இறங்க நடுப்பகுதியில் வோல்ட் பெரிதாக அசையவே அசையாது. அதனால் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்கிற மாதிரி வோல்ட்டைப் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது. ஊறி வந்த தண்ணீர் எவ்வளவு, மோட்டார் இறைத்தது எவ்வளவு என்று கணக்கு வைப்பதே வழி. மின்சாரம் போய்வரும் பாதையில் மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைத்து, அதன் வழியே ஓடும் ஆம்பியரை நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது அந்தச் சில்லு.

அது கணக்கை ஒப்பிப்பது லினக்ஸின் உள்மையமான கெர்னலிடம் இல்லை. மதர்போர்டில் எம்பெடெட் கன்ட்ரோலர் என்று தனியாக ஒரு குட்டிப் பிராசசர் இருக்கிறது, சுருக்கமாக ஈசி. விசைப்பலகை, ஃபேன், சார்ஜ் ஏற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. கெர்னல் அதனிடம் பேச இரண்டே வாசல்கள்: ஒன்றில் கட்டளை வைத்து நிலவரம் பார்க்கலாம், இன்னொன்றில் விவரம் கொடுத்து வாங்கலாம். அந்த ஈசியின் எந்த மூலையில் எந்த எண் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அதைக் கெர்னல் எப்படித் தெரிந்துகொள்ளும்?

இதற்குத்தான் 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது விதியைக் கொண்டுவந்தன. லேப்டாப் செய்கிறவர், "பேட்டரி நிலவரம் வேண்டுமென்றால் இப்படிக் கேள்" என்று ஒரு சிறு நிரலை எழுதி, மெஷினோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸில் வைத்துவிட வேண்டும். கெர்னல் அதை எடுத்து வரி வரியாக ஓட்டும். ஓட்டினால் நான்கு எண்கள் வரும்: ஏறுகிறதா இறங்குகிறதா, என்ன வேகத்தில், மிச்சம் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் என்றால் ஆயிரமா, பத்தாயிரமா? அது இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பயாஸ் நிரலும் கெர்னலும் பேசுவது அப்படிப்பட்ட பேரம். பேட்டரி பற்றிய எர்ரர்களில் நிறைய, விரல் கணக்கில் வரும் குழப்பங்கள்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. பேட்டரி 500 மில்லி ஆம்பியரில் இறங்குகிறது என்பதைச் சில பயாஸ்கள் "மைனஸ் 500" என்று சொல்லும். 16 பிட்டில், அதாவது பதினாறு பூஜ்ஜிய ஒன்றுகளில், மைனஸ் 500-ஐ எழுதினால் அது 65,036 என்ற எண்ணின் அச்சாகவே இருக்கும். மைனஸ் என்று தெரியாமல் படிக்கிறவருக்கு 65 ஆம்பியர்! தோட்டத்தில் 5 எச்பி மோட்டார் ஓடும்போதே ஸ்டார்ட்டர் பெட்டி மீட்டரில் ஏழெட்டு ஆம்பியர்தான் நிற்கும். இதற்கென்றே கெர்னலில் பேட்டரியைக் கவனிக்கும் நிரலான பேட்டரி டிரைவரில் சில வரிகள் இருக்கின்றன: எண் இப்படிக் கோணலாக வந்தால் மைனஸாக எடுத்துக்கொண்டு, குறியை நீக்கி, சரியான அளவை எழுது. எழுதிவிட்டு, "ஃபர்ம்வேர் பக்: சார்ஜ் வேகம் செல்லாது" என்று, அதாவது தப்பு பயாஸ் பக்கம் என்று, கெர்னலின் குறிப்பேடான லாக்கில் ஒரு முறை முணுமுணுக்கும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது கோளாறு வந்துவிட்டது என்ற தகவல் இல்லை; திருத்திவிட்டேன் என்ற தகவல். எந்தக் கெர்னலுக்கு மாறினாலும் அது போகாது, போகவும் வேண்டியதில்லை.

மச்சானின் லேப்டாப் லாக்கில் இருந்தது வேறு. மூடித் திறந்து லேப்டாப் தூங்கி எழுந்த கையோடு, பேட்டரி நிலவரம் கேட்கும் நிரல் "டைம்" என்ற எர்ரரோடு பாதியில் அறுந்திருந்தது. கெர்னல் ஈசியின் வாசலில் கேள்வியை வைத்துவிட்டு அரை விநாடி வரை காத்திருக்கும். பதில் வரவில்லை என்றால் மறுபடி சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு நிரலைக் கைவிட்டுவிடும். அப்படிக் கைவிட்டதுதான் குறுக்குக் கோடாகத் தெரிந்திருக்கிறது. பதில் தயார் என்று ஈசி கூப்பிடுவதை இன்டரப்ட் என்பார்கள். எழுந்திருக்கும் அவசரத்தில் அந்தக் கூப்பாடு காதில் விழாமல் போனால் இப்படி ஆகலாம்.

டெபியன் 12-இல் இருப்பது 6.1 கெர்னல், 2022 டிசம்பரில் வந்தது. டெபியன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழை நீக்கமும் தந்துகொண்டே இருக்கும், ஆனால் அடிப்படையை மாற்றாது. அந்தப் பக்கம் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கெர்னல் வருகிறது. 6.1-க்கும் 2024 நவம்பரில் வந்த 6.12-க்கும் நடுவில் ஈசியின் இன்டரப்ட்டைக் கையாளும் விதத்தையே மாற்றியிருந்தார்கள். சரி, முயன்று பார்க்க இது போதும்.

புதுக் கெர்னல் வேறு மாதிரி நடந்துகொள்ள இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. பயாஸ் நிரல் நடுவில், "நீ எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்?" என்று கேட்கும். லினக்ஸ் தன் பெயரைச் சொல்லாது. "விண்டோஸ் 10-ஆ?" என்றால் ஆமாம் என்று கூசாமல் தலையாட்டும். பொய்தான். ஆனால் லேப்டாப் கம்பெனிகள் பெரும்பாலும் விண்டோஸை வைத்துத்தான் சோதிக்கின்றன. சோதித்த பாதையில் போவதுதான் பிழைக்கிற வழி. புதிய விண்டோஸ் பெயர்கள் வர வர, புதிய கெர்னல்கள் அவற்றுக்கும் ஆமாம் போடக் கற்றுக்கொள்கின்றன. அதனால் அதே பயாஸ் வேறு பாதையில் ஓடலாம்.

6.12-ஐ, டெபியன் தன் பழைய பதிப்புக்குப் புது மென்பொருள் தரும் பேக்போர்ட்ஸிலேயே ரெடிமேடாக வாங்கியிருக்கலாம். நியாயமான ஆள் அதைத்தான் செய்வார். எனக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் சாப்பாடு, கையில் நேரம். நானே கட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மூல நிரலை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொண்டேன். புது வசதிகளுக்கான கேள்விகளுக்கெல்லாம் வழக்கமான பதிலையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். இங்கே இரண்டு இடத்தில் புதியவர்கள் இடறுவார்கள். சில டிஸ்ட்ரோக்களின் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளின்) அமைப்புக் கோப்பு, உங்களிடம் இல்லாத ஒரு சான்றிதழ்க் கோப்பைத் தேடும். அந்த வரியைக் காலியாக்காவிட்டால் பில்ட், அதாவது கட்டும் வேலை, நின்றுவிடும். பிழை தேட உதவும் டீபக் தகவலை நிறுத்தாவிட்டால் டிஸ்க் நிறைந்துவிடும். செக்யூர் பூட் போட்டிருந்தால் கையெழுத்தில்லாத சொந்தக் கெர்னலை மெஷின் ஏற்காது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரோ கெர்னலில் உலகத்தில் உள்ள டிரைவர் எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் கட்டினால் பழைய லேப்டாப்பில் பொழுது சாய்ந்துவிடும். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் டிரைவர்களை மட்டும் கட்டு என்று சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் ஒரு முறை கரண்டு போனது. பேட்டரி தாங்கியது, ஆனால் நம்பிக்கையில்லாமல் நானே நிறுத்தினேன். மறுபடி ஓட்டினால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கட்டிக்கொள்ளும், அதனால் நஷ்டமில்லை.

புதுக் கெர்னலில் பூட் செய்து, பத்துப் பன்னிரண்டு முறை மூடித் திறந்தேன். குறுக்குக் கோடு வரவில்லை. லாக்கிலும் டைம் எர்ரர் இல்லை. பெருமையாக நெட்டைப் போட்டுக்காட்டலாம் என்று போனை யூஎஸ்பியில் செருகினால், நெட் இல்லை. கட்டும்போது போன் செருகியிருக்கவில்லை; அதன் டிரைவர் ஏற்றப்பட்டிருக்கவில்லை; அதனால் கட்டப்படவும் இல்லை. அக்கா சிரித்தாள். பூட் மெனுவில் பழைய கெர்னல் பத்திரமாக இருந்ததால் அதில் ஏறி, போனையும் பென்டிரைவையும் பிரிண்டரையும் செருகிவைத்துக்கொண்டு மறுபடி கட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியின் கோப்புகளைத் திறந்து மச்சானுக்குக் காட்டினேன். தயாரித்தபோது கொள்ளளவு 48 வாட் மணி. இப்போது முழுதாக ஏறினாலும் 29.

"அப்ப செல்லும் போச்சுதான?"

"அஞ்சுல ரெண்டு பங்கு போச்சு மச்சான். அதை எந்தக் கெர்னலாலும் திருப்ப முடியாது."

அடுத்த ஷட்டவுன் நாளில் காலை ஒன்பதுக்குக் கரண்டு நின்றது. லேப்டாப் இரண்டு மணி நேரம் வரும் என்று காட்டியதாம். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அணைந்ததாம். கூலி பட்டுவாடாவை அதற்குள் முடித்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்தார்.