ஆழத்தில் நசுங்காமல் இருப்பது எப்படி: போர்வெல் மோட்டாரும் நத்தைமீனும்

பல்லடம், அவினாசி, அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுக்குள் சப்மெர்சிபிள் (மூழ்கி ஓடும்) மோட்டாரை இறக்கும் முன் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "தண்ணி ரொப்பியாச்சுங்களா?" தண்ணீர் எடுக்கப் போகிற மோட்டாருக்குள் முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி, காற்றுக் குமிழ் முழுக்க வெளியேறும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் மூடியைத் திருகுவார்கள். கரண்டில் ஓடும் இயந்திரத்துக்குள் தண்ணீரை ஊற்றுவதா என்று முதல்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். எட்டு கிலோமீட்டர் ஆழக் கடலில் ஒரு மீன் நசுங்காமல் நீந்துவதும் இதே உத்தியால்தான்.

தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. மோட்டாருக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதே கணக்கு. ஆயிரம் அடி போரில் தண்ணீர் 600 அடியில் நின்றால், அடியில் தொங்கும் மோட்டாரின் மேல் இருப்பது 400 அடித் தண்ணீர். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ. மோட்டாருக்குள் வெறும் காற்று இருந்தால் இந்த 12 கிலோவையும் வெளிக்கூடும், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலும் தாங்க வேண்டும். அந்தத் தண்டோ நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று சுற்றுகிறது. சீல் கொஞ்சம் தேய்ந்தாலும் மணலோடு தண்ணீர் உள்ளே பாய்ந்துவிடும்.

உள்ளேயும் தண்ணீர் இருந்தால் நிலைமையே வேறு. தண்ணீர் லேசில் சுருங்காது. மோட்டாரின் அடியில் இருக்கும், வளைந்துகொடுக்கும் ரப்பர் சவ்வான டயாபிரம் வெளியே உள்ள அழுத்தத்தை அப்படியே உள்ளே கடத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் எந்தப் பக்கத்துக்கும் தள்ளு இல்லை. சீலுக்கு மிஞ்சுவது மணலை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான். காயில் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதால் கரண்ட் கசியாது. உள்ளிருக்கும் தண்ணீரே பேரிங்குக்கு மசகாகவும் இருந்து, சூட்டையும் வெளிக்கூட்டுக்குக் கொண்டுபோகிறது. இதைவிடச் சிக்கனமான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

மின்மோட்டாரையே கிணற்றுக்குள் மூழ்கடிக்கும் யோசனையை எண்ணெய்க் கிணறுகளில் நடத்திக் காட்டியவர் அர்மாயிஸ் அருதுனோவ். 1893இல் இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்த ஆர்மீனியர். ரஷ்யா, ஜெர்மனி வழியாக 1923இல் அமெரிக்கா போனார். 1920களின் இறுதியில் கான்சாஸ் எண்ணெய் வயலில் அவருடைய பம்ப் ஓடியது. மோட்டாருக்குள் அவர் நிரப்பியது எண்ணெய். உள் அழுத்தத்தை வெளி அழுத்தத்தோடு சமன்செய்ய மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே தனிப் பகுதி. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் சுமார் 90. அதே 1893இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். கோவையின் மோட்டார், பம்பு வரலாற்றில் அது பெரிய அடி.

இனி கடலுக்குப் போவோம். 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் இறக்கிய கேமராவில், 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தைமீன் பதிவானது. அங்கே அழுத்தம் 800 வளிமண்டலத்துக்கும் மேல். அந்த மீனுக்குக் கவசம் போன்ற தோல் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நத்தைமீன்களுக்குச் செதிலே கிடையாது. உடம்பு கூழ் மாதிரி வழவழவென்று இருக்கும். பல மீன்களிடம் இருக்கும் காற்றுப் பையும் அவற்றுக்கு இல்லை. உடம்பெல்லாம் நீரும் திசுவும்தான். நசுக்குவதற்கு உள்ளே காற்றே இல்லை. மரியானா அகழியில் வாழும் இன்னொரு நத்தைமீனின் மண்டையோடு முழுதாக மூடாமல் திறப்போடு இருக்கிறது. எலும்புகளும் முழுதாக இறுகவில்லை. மோட்டாரில் டயாபிரம் செய்யும் வேலை அங்கே மண்டைக்குள் நடக்கிறது. சீலகாந்த் மீனோ எண்ணெய் மோட்டார் வழியில் போகிறது: காற்று இருக்க வேண்டிய பையில் கொழுப்பு நிறைந்திருக்கிறது.

மனிதன் போகும்போதுதான் சிக்கல் திரும்ப வருகிறது, ஏனென்றால் நமக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் கலத்தில் மூன்று பேர் உட்காரும் டைட்டானியம் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர் கனம். அவ்வளவு கனம் அந்தக் காற்றுக்காக மட்டுமே. 1960இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட திரியஸ்தே கலத்திலும் அப்படித்தான்: ஆட்கள் இருந்த உருண்டை கனத்த எஃகு, மிதவைத் தொட்டியோ மெல்லிய தகடு. தொட்டி நிறையப் பெட்ரோல், அடிப்பக்கம் கடலுக்குத் திறந்தே இருந்தது.

காற்றை விலக்கிவிட்டால் எவ்வளவு ஆழமும் போகலாமா? முடியாது. மோட்டாருக்கும் மீனுக்கும் வழி பிரிவது இங்கேதான். மீனின் உடம்பில் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு புரதமும் நுணுக்கமாக மடிந்து, உள்ளே சின்னஞ்சிறு இடைவெளிகளோடு இருக்கும். 800 வளிமண்டல அழுத்தம் தண்ணீர் மூலக்கூறுகளை அந்த இடைவெளிகளுக்குள் திணிக்கிறது. மடிப்பு கலைந்தால் புரதத்தின் வேலை நின்றுவிடும். இதற்கு மீன் வைத்திருக்கும் மருந்து டிரைமெத்திலமைன் என்-ஆக்சைடு. சுற்றியுள்ள தண்ணீரைத் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொண்டு, அது புரதத்துக்குள் நுழையாமல் தடுக்கும் வேதிப்பொருள் இது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் கடல் மீன் கொஞ்சம் பழசானதும் ஒரு வாடை அடிக்கிறதே, அது இந்தப் பொருள் சிதைவதால் வருவது. மேட்டூர் அணை மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு. அதனால் அந்த வாடையும் இல்லை.

ஆழம் கூடக் கூட மீனின் உடம்பில் இதன் அளவும் கூடுகிறது. கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் உடம்பின் நீர் கடல்நீரைவிடச் செறிவாகிவிடும். கடல்நீர் உடம்புக்குள் ஊறத் தொடங்கும். அந்த எல்லை சுமார் 8,200 மீட்டர் என்று 2014இல் விஞ்ஞானிகள் கணித்தார்கள். கேமராவில் கண்ட 8,336 மீட்டர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! திரியஸ்தேயில் போன ஜாக் பிக்கார், ஏறத்தாழ 10,900 மீட்டர் அடியில் ஒரு தட்டை மீனைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் கண்டது மீனாக இருக்க முடியாது, கடல் வெள்ளரி போன்ற ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்று உயிரியலாளர்கள் கருதுவதற்கு இந்தக் கணக்கும் வலுச் சேர்க்கிறது.

நத்தைமீனின் உத்திக்கு யாராவது காப்புரிமை வாங்க முடியுமா? நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு, இயற்கையில் உள்ள உயிரையோ பொருளையோ கண்டறிந்ததை மட்டும் வைத்து உரிமை கோர விடாது. அதைப் பார்த்துப் புதிதாக ஒரு சீலோ டயாபிரமோ செய்தால் கோரலாம். உரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதற்கு ஈடாக, அது வேலை செய்யும் விதத்தை ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். காலம் முடிந்தபின் யாரும் அதைச் செய்யலாம்.

ஆவாரம்பாளையம், கணபதிப் பட்டறைகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பேரிங்கிலோ சீலிலோ நீங்கள் செய்யும் புது மாற்றத்தை விற்பனைக்கு விட்டபின் காப்புரிமை கேட்டால், புதுமை போய்விட்டது என்று மறுக்க இடமுண்டு. முழு வரைவு தயாராகவில்லை என்றாலும் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் போட்டு வைக்கலாம். முழு விவரத்தைத் தர அதிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு.