மாதவிடாய் நாட்களில் வலிப்பு மிகுவது ஏன்?

மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாத தன் தங்கைக்கு, மாதவிடாயை ஒட்டிய நாட்களில் மட்டும் வலிப்பு மிகுவது ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவ்வாறு நேர்கிறது.

பெண் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் நரம்பணுக்களைத் தூண்டுகிறது, புரோஜெஸ்டிரோன் அமைதிப்படுத்துகிறது என்பது சுருக்கமான விடை. அது அமைதிப்படுத்தும் விதம்தான் வியப்புக்குரியது. மூளையில் இரண்டு நொதிகள் புரோஜெஸ்டிரோனை அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. நரம்பணுவின் சவ்வில் காபா-ஏ ஏற்பி என்னும் புரதம் இருக்கிறது; நரம்பணுக்களை அடக்கும் வேதித் தூதான காபா மூலக்கூறு அதில் வந்து ஒட்டியதும் ஏற்பியின் நடுத்துளை திறந்து, குளோரைடு அயனிகள் உள்ளே பாய்வதால், அணுவில் மின்துடிப்பு எழுவது கடினமாகிறது. அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் அமரும் அலோபிரெக்னனலோன், திறந்த துளை எளிதில் மூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்டிரோன் சரியும்போது இந்தக் காவலும் விலகுகிறது. ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்த அந்த ஏற்பியின் அமைப்பும் அப்போது மாறுகிறது: ஆல்ஃபா-4 என்னும் துண்டு மிகுவதையும், வலிப்பை அடக்கும் டயாசிபாம் போன்ற மருந்துகளுக்கு ஏற்பிகள் சரிவரப் பணியாததையும் எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஹார்மோனின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப நரம்பணு தன் ஏற்பிகளையே சில நாட்களில் மாற்றிக்கொள்வது, நான் அறிந்தவற்றுள் மிக அழகான உயிரியல் நிகழ்வுகளில் ஒன்று.

சிலருக்குக் கருமுட்டை வெளியாகும் நாட்களிலும், கருமுட்டை வெளியாகாத சுழற்சிகளில் பின்பாதி முழுவதிலும் வலிப்பு கூடுகிறது. இம்மூன்று வடிவங்களையும் 1997இல் நரம்பியல் மருத்துவர் ஆண்ட்ரூ ஹெர்சாக்கின் குழுவினர் வரையறுத்தனர். புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்து அவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் தென்படவில்லை. மாதவிடாயை ஒட்டி வலிப்பு மூன்று மடங்கு அல்லது அதற்குமேல் பெருகிய பெண்களுக்கு மட்டும் பலன் இருக்கலாம் எனத் தெரிந்தது. ஹார்மோன் சுழற்சியானது ஆய்வு முடிவுகளைக் குழப்பும் என்று பெண் விலங்குகளை நரம்பியல் ஆய்வுகளிலிருந்து நெடுங்காலம் ஒதுக்கியது பெருந்தவறு என்பேன். அந்தச் சுழற்சியைத்தான் ஆராய்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் நிதியும் வேண்டும்.

வாசகியின் தங்கை, வலிப்பு வந்த நாட்களையும் மாதவிடாய்த் தேதிகளையும் சில மாதங்கள் குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டட்டும். மருந்தளவைத் தானாக மாற்ற வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தத்தில் லாமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தின் அளவைப் பாதியளவுக்குக் குறைக்கக்கூடும், கார்பமசெபின், பெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்துகளோ கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைத்துவிடும்.