மீத்தேன்: பெயரில் மது, பிறப்பு சேற்றில்

நடவு முடிந்து சில வாரங்களாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். பாதம் புதையும்போது கணுக்காலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பும். அவற்றுக்குள் இருக்கிறது மீத்தேன். 1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்டா நாணல் மண்டிய சேற்றைக் கிளறிக் குப்பியில் பிடித்ததும் இதே வளியைத்தான்.

சொல்லின் வேர் வேறெங்கோ இருக்கிறது. மரத்தை வாட்டி வடிக்கும் சாராயத்துக்கு 1834இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் பெயர் தேடினார்கள். கிரேக்கத்தில் 'மெத்தி' என்றால் மது, 'ஹூலே' என்றால் மரம். அதிலிருந்து மெத்தில் வந்தது, கள்ளச்சாராயச் செய்திகளில் நாம் படிக்கும் மெத்தனால் வந்தது, 1866இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹோஃப்மன் வைத்த பெயராக மீத்தேனும் வந்தது. அந்த 'மெத்தி'யும் வடமொழி 'மது'வும் ஒரே வேரில் கிளைத்தவை. மதுவுக்கு அங்கே தேன் என்றும் பொருள். மீத்தேனில் 'தேன்' ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

தமிழில் இதற்குச் 'சதுப்பு வாயு' என்று பெயர் உண்டு. காவிரிப் படுகையின் மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் தேடுவதில்லை, மீத்தேனே ஊர்ச்சொல்லாகிவிட்டது. எனக்கு அதில் சிறு வருத்தம். சதுப்பு என்று சொன்னாலே பிறப்பிடம் விளங்கிவிடுகிறது. நெல்வயல் என்பது நாம் வரப்பு கட்டி உண்டாக்கிய சதுப்பு. தண்ணீர் மூடிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் பொருளை மீத்தேனாக்குகின்றன. அதில் பெரும்பங்கு குமிழியாகக்கூட வருவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளி இது.

இந்தியாவையும் சீனாவையும் ஒப்பிடும்போது இந்தச் 'சதுப்பு' என்ற பெயர்தான் கைகொடுக்கிறது. நெல் பயிராகும் பரப்பு இந்தியாவில் 440 லட்சம் ஹெக்டேருக்குக் குறையாது. சீனாவில் ஏறத்தாழ 300 லட்சம். ஆனால் இரு அரசுகளும் ஐ.நா.வுக்கு அளித்த கணக்கின்படி, சீன வயல்களின் மீத்தேன் இந்திய வயல்களினுடையதைப்போல இரு மடங்குக்கும் மேல். அங்கே நெல் அநேகமாக முழுதும் பாசனப் பயிர். எருவும் வைக்கோலும் மண்ணில் நிறையச் சேர்கின்றன. இங்கே பெரும்பரப்பு மானாவாரி, மழை பொய்த்தால் சேறு தானே காய்ந்து வெடித்துவிடும். ஹெக்டேரை விட்டு, விளையும் ஒரு டன் நெல்லுக்கு எவ்வளவு மீத்தேன் என்று கணக்கிட்டால் இடைவெளி சுருங்குகிறது, ஏனெனில் சீன விளைச்சல் ஹெக்டேருக்கு 7 டன் அளவில் இருக்கிறது.

சேற்றைப் பார்க்காமல் பரப்பை மட்டும் பெருக்கினால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய வயல்கள் ஆண்டுக்கு 378 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக மதிப்பிட்டது. வெளிநாட்டு வயல்களில் எடுத்த அளவை இங்கே நீட்டிப் போட்ட கணக்கு அது. 1991இல் ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் வயல்களிலேயே அளந்தபோது வந்தது சுமார் 40 லட்சம் டன்.

சீனாவில் 1980களிலிருந்து பருவத்தின் நடுவே வயலை வடியவிடும் பழக்கம் பரவி, மீத்தேன் கணிசமாகக் குறைந்தது. உழவர்கள் அதைச் செய்தது விளைச்சலுக்காகவும் தண்ணீரை மிச்சப்படுத்தவும்தான். நம் உழவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. எந்தக் கலைச்சொல் குழுவும் இதைவிட நன்றாகச் செய்திருக்காது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவார்கள். காயும் மண்ணில் யூரியா மிகுந்திருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது பிடித்துவைக்கும் வெப்பம் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு. ஆகவே உரத்தையும் அளந்துதான் போட வேண்டியிருக்கிறது.